வெட்டிப்போட்டு எடுக்கிற வீடுகள்

கரம்பொன்னில் எங்கள் ஒழுங்கையில் ஆளிருக்கும் வீடுகளைவிடப் பூட்டிய வீடுகள்தான் அதிகம். வீட்டுக்காரர் கனடாவிலும் பாரிசிலும். அந்த வீடுகளைப் பேசவைக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு கலைஞர் வந்திறங்கினார். கலைஞர் என்றதும் நான் என் மதிலைக் காட்டினேன்.

"இதில படம் கீறும், தங்கச்சி. வெள்ளையடிக்கிற செலவு எனக்கு மிச்சம்."

"கீறுறதில்லையண்ணை. இது வேற."

பூட்டிய வாசல் படலை ஒவ்வொன்றிலும் ஒரு பெல். அமத்தினால், பக்கத்திலுள்ள சின்னப் பெட்டி வெளிநாட்டிலிருக்கும் வீட்டுக்காரருக்குக் கோல் எடுக்கும். அவர் கதைத்தால், குரல் விறாந்தையிலிருக்கும் ஸ்பீக்கரில் கேட்கும். மதிலில் துளை போடுவது, வயர் இழுப்பது, கணினியில் ஏதோ எழுதுவது, "காணி பிடிக்கப் பாக்கிறியளோ?" என்று சீறும் பாரிஸ்காரரைச் சமாதானப்படுத்துவது எல்லாம் கலைஞர்தான். எனக்குக் கிடைத்த பதவி ஏணி பிடிப்பது.

"அண்ணை, நீங்கள் ஏணியைப் பிடிக்கிறியளோ, ஏணி உங்களைப் பிடிக்குதோ?"

"ஒருத்தரையொருத்தர் பிடிச்சுக்கொண்டு நிக்கிறம். நீர் வேலையைப் பாரும்."

ஒருநாள் ஏணியிலிருந்து இறங்கும்போது மட்டும் பகிடியில்லாமல் சொன்னார்: "ஆரும் எடுக்காட்டி இது வெறும் பெல்தான். கழட்டிக்கொண்டு போயிடுவன்."

ஒரு ஞாயிறு பின்னேரம், வீடுகள் பேசுவதைக் கேட்க ஒழுங்கை நிறையச் சனம். முதல் பெல்லை அமத்தினார்கள். இரண்டு தரம் அடித்தது, வெட்டுப்பட்டது. அடுத்த படலையிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"இஞ்ச இருக்கேக்கையே உவையள் படலை திறக்கிறேல்லை," என்றார் எதிர்வீட்டு அக்கா.

கலைஞர் மதகில் போய் இருந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "என்ர தம்பி எடுப்பான், பாருங்கோ!" என்று சண்டியனைப்போல நடந்து, அக்கா வீட்டோடு ஒட்டிய அவன் வீட்டுப் பெல்லை அமத்தினேன். வெட்டினான். ஒழுங்கையே சிரித்தது.

சிரிப்பு அடங்குமுன் என் சட்டைப்பைக்குள் போன் அடித்தது. தம்பிதான்.

"படலையில நிண்டு நித்திரையோ? நான் திருப்பிக் கோல் எடுக்க எடுக்க அடிச்சுக்கொண்டே இருக்குது, ஒருத்தரும் தூக்கினமில்லை!"

"நீயெல்லோடா வெட்டினனீ!"

"ஊர் நம்பர் வந்தா வெட்டிப்போட்டு நாங்கள்தானே திருப்பி எடுக்கிறது? உங்கட காசிலயே கதைக்கிறது?"

எல்லோரும் வெட்டியது இதற்காகத்தான். வெளியே போகும் அழைப்பை மட்டுமே அறிந்த பெட்டிகள், திரும்பி வந்த அழைப்பையெல்லாம் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தன. தம்பிக்கு மிஸ்கோல் கொடுப்பதைத் தவிர வாழ்நாளில் வேறொன்றும் செய்யாத எனக்குக்கூட இது தோன்றவில்லை.

வேறு ஆளென்றால் அழுதிருப்பார். கலைஞரோ விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மதகிலேயே கணினியைத் திறந்தார். நான் ஆலோசகனானேன்.

"கோல் வந்த உடனே பெட்டியே எடுக்கிற மாதிரிச் செய்யும்."

"இல்லையண்ணை. வீடு அடிக்கட்டும். ஆரும் ஓடிவந்து பெல்லை அமத்தினாத்தான் எடுபடவேணும்."

ஏணிக்காரனின் மூளைக்கும் கலைஞரின் மூளைக்கும் உள்ள தூரம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

மறுபடி பெல்களை அமத்தினோம். ஒழுங்காக எல்லோரும் வெட்டினார்கள். திடீரென்று தம்பியின் பூட்டிய விறாந்தைக்குள் போன் மணி அடித்தது. ஆளில்லாத வீட்டுக்குள்ளிருந்து மணிச்சத்தம் வந்தால் கால் தானாக ஓடும்போல. என்னை இடித்துத் தள்ளிவிட்டு எதிர்வீட்டு அக்கா ஓடினார்.

"ஆர் படலையில?" வீட்டுக்குள்ளிருந்து தம்பி கேட்டான்.

"நான்தான்ரா! உன்ர மாமரம் என்ர மதிலை உடைக்குது. அதுக்கொரு முடிவு சொல்லு!"

"அதுகிடக்கட்டும், அக்கா. காய்ச்சிருக்கோ?"

அக்கா பதில் சொல்லத் தொடங்குமுன் பக்கத்து வீடு அடித்தது. பிறகு மூலைவீடு, பிறகு ஒழுங்கை முழுவதும். நடுவில் நின்ற கலைஞருக்கு எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியவில்லை. கண்களைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்.

"அண்ணை, அங்காலயும் அடிக்குது! ஓடுங்கோ, போனை வைச்சிடப் போயினம்!"

நான் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன்.