வீட்டுக் காருக்கு ஒரு கூண்டு

மெக்கானிக் தொழிலில் அடுத்தவர் வண்டியைத் தொட்டால் சோறு, சொந்த வண்டியைத் தொட்டால் வினை. திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு சந்துக்குள் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஆரோக்கியம் என்கிற எனக்கு இது தெரியாததில்லை. தெரிந்தேதான் போய் விழுந்தேன். வீட்டு வாசலில் சாதுவாக நிற்கும் காரைப் பார்த்து, 'இதைக் கொஞ்சம் மாற்றினால் பந்தயத்தில் ஓட்டலாமே' என்று ஒருமுறையாவது நினைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே நோய்க்கு ஒரே ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருப்பவர்கள். நீங்கள் கட்டிலை விட்டு எழ வேண்டாம், என் கதையை நானே சொல்லிவிடுகிறேன்.

பின் சீட்டு

எங்களுடையது வெள்ளை நிறத்தில், குட்டியாக, நாலு கதவு வைத்த பழைய கார். வீட்டுக்கு அது ஒன்றுதான். மண் பாதையில் ஓட்டும் பந்தயம் ஒன்று வரப்போவதாகக் கேள்விப்பட்டேன். வண்டிகளை ஒவ்வொன்றாக விடுவார்கள், மூன்று சுற்று, எவ்வளவு நேரத்தில் முடிக்கிறோம் என்று கடிகாரம் வைத்துப் பார்ப்பார்கள். முதலாவதாக வரவேண்டும் என்ற பேராசை எனக்கு இல்லை. ஊரார் காரையெல்லாம் ஓட வைத்த நான், நாற்பத்தைந்து வயதில் ஒரே ஒருமுறை முடிவுக்கோட்டைத் தாண்ட வேண்டும். அவ்வளவுதான்.

மனைவி ஸ்டெல்லா சின்னாளப்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவள் அப்பா ஆபரேஷன் முடிந்து பிழைத்து வந்ததற்காக வேளாங்கண்ணிக்குப் போவதாக வேண்டியிருந்தாள். குடும்பத்தோடு நம்ம காரிலேயே வருவதாக மாதாவிடம் சொல்லியும் விட்டாள். 'ஒரே ஒரு ஓட்டம், கோட்டைத் தாண்டிய மறுநாள் சீட்டையெல்லாம் பழையபடி மாட்டி வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போகிறேன்' என்று நானும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பின் சீட்டைக் கழற்றி, ஒர்க்‌ஷாப் சுவரோரம் கஸ்டமர்கள் உட்காரப் போட்டேன். முன்பக்கம் அவள் உட்காரும் சீட்டையும் கழற்றப் போனபோது பக்கத்தில் வந்து நின்றாள். செத்த நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இம்புட்டு வருசமா நாந்தான் பாரமா இருந்தேனாக்கும்."

ஹெட்மாஸ்டர்

பந்தயக் காருக்கு முதல் விதி எடையைக் குறைப்பது. கதவின் உள்பக்க அட்டை, தரைவிரிப்பு, ரேடியோ, ஸ்டெப்னி, கைப்பிடிகள், வெயில் மறைக்கும் பலகை என்று ஒவ்வொன்றாக உருவினேன். கார் தோலுரித்த ஆடுபோல் நின்றது. அந்த நேரம் பார்த்துத்தான் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் சர்வீசுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷமாக என்னைத் தவிர வேறு கை பட விடாதவர். அவர் கார் சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை இருக்கிறது.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். என் பின் சீட்டில் உட்காரவும் இல்லை. சாவியை நான் வாங்கக் கை நீட்டினேன், அவர் அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அவர் சிபாரிசில் வந்துகொண்டிருந்த நாலு வாத்தியார்களும் வரவில்லை. போகும்போது மரியாதையாகத்தான் சொன்னார்: "ஒண்ணும் நெனைச்சுக்காத தம்பி, பெத்த பிள்ளைக்கே இந்தக் கதின்னா பள்ளிக்கூடத்துப் பிள்ளை கதி என்ன ஆகும்?"

சைலன்சர்

புகைக்குழாயை அகலமாக்கினால் இழுவை கூடும் என்று வீடியோவில் ஒருவர் அடித்துச் சொன்னார். நம்பினேன். இருபது வருஷத் தொழில் ஒரு பக்கம், பத்து நிமிட வீடியோ ஒரு பக்கம் என்றால் நம் மனசு எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். சின்ன எஞ்சினுக்கு அகலக் குழாய் வைத்தால் இருக்கிற இழுவையும் போகும் என்பதை ஊர் ரவுண்டானாவில் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். சத்தம் மட்டும் லாரிக்குச் சமமாக வந்தது. பகல் பதினொரு மணிக்குத் தெருவில் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு பார்க்க, கார் ஊர்ந்தது.

டிராபிக் போலீஸ்காரர் ஓடிவந்து கை காட்டினார். கேஸ் எழுதுவார் என்று நினைத்து ஓரம் கட்டினேன். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஒற்றைச் சீட்டு, வெறும் தகரம், ஹெல்மெட் போட்டுக்கொண்டு நான். எதையும் எழுதாமல் நோட்டை மூடினார். கேஸ் எழுதியிருந்தால்கூடக் கொஞ்சம் கௌரவமாக இருந்திருக்கும். அவர் சொன்னது இது: "என்னமோ ஏதோன்னு பதறி ஓடியாந்தேன்ணே, வாழைத்தாரு கட்டிக்கிட்டுப் போற மொபெட்டு ஒங்களத் தாண்டிப் போயிருச்சு, பாத்தீங்களா?"

மறுநாள் பழைய சைலன்சரையே மாட்டினேன்.

பீரோ பட்டறை

கார் உருண்டால் ஆள் நசுங்காமல் இருக்க, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு இருக்க வேண்டும் என்பது பந்தய விதி. அதை முறையாகச் செய்பவர்கள் கோயமுத்தூரில் இருக்கிறார்கள். திண்டுக்கல்லில் இருப்பவர் சவரிமுத்து. பீரோவும் இரும்புப் பெட்டியும் இரும்புக் கேட்டும் செய்கிறவர். பூட்டுக்குப் பேர் போன ஊரில், அவர் செய்த பெட்டியை எவனும் இதுவரை உடைத்ததில்லை என்பது அவர் பெருமை. அளவெல்லாம் வரைந்து, மெல்லிய குழாயையும் வாங்கிக் கொடுத்து, காரை அவர் பட்டறையில் விட்டேன். ஒரு தக்காளி லாரிக்கு க்ளட்ச் வேலை வந்துவிட்டதால் மூன்று நாள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. நான் செய்த பெரிய தப்பு அதுதான். பந்தயக் காரைச் செய்கிறவன் வெல்டரைத் தனியாக விடக்கூடாது.

நாலாவது நாள் போனேன். நான் கொடுத்த குழாய் மூலையில் கட்டுப் பிரிக்காமல் கிடந்தது. காருக்குள் கனமான குழாயில் கூண்டு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு முக்கோணத் தகடு. கதவோரக் கம்பிகளில், கேட்டுக்கு வைப்பதுபோல் கம்பிக்கொரு இரும்புப் பூ வேறு. எல்லாவற்றையும் தரையோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார். பின்னால் குனிந்து பார்த்தேன். சீட்டு மாட்டும் துளைகளின் மேலேயே குறுக்குக் கம்பி ஓடியது. அந்தச் சீட்டு இனி இந்தக் காருக்குள் போகாது. ஸ்டெல்லாவின் முகம்தான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது. அப்படியே பட்டறை மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

சவரிமுத்து எனக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார். கூண்டை வெட்டி எடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, சொந்தக்காரர் இறந்த செய்தியைக் கேட்டவர் மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு கூண்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சொன்னார்: "நீ குடுத்த பைப்பு ஈர்க்குச்சி கணக்கா இருந்துச்சு அப்பு, இப்ப கடப்பாரைய வச்சு நெம்பினாலும் ஒரு பய உள்ள இருக்கதை எடுத்துட்டுப் போக முடியாது."

எடை மேடை

உரிப்பதற்கு முன்பே காரை எடை மேடையில் நிறுத்தி ரசீது வாங்கி வைத்திருந்தேன். அறுநூற்று ஐம்பது கிலோ. எவ்வளவு குறைத்தேன் என்று காட்டிப் பெருமையடித்துக்கொள்ளத்தான். இப்போது வெங்காய லாரிக்கும் வைக்கோல் டிராக்டருக்கும் நடுவில் வரிசையில் நின்று மறுபடி ஏற்றினேன். எழுநூற்றுத் தொண்ணூறு. மூன்று வாரம் முதுகொடிய நான் கழற்றியதையெல்லாம் சவரிமுத்து மூன்றே நாளில் வட்டியோடு திருப்பி வைத்திருந்தார்.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையனுக்கு முதல் தடவை வந்த எடையும் ஞாபகம் இருந்தது. என்னைக் காரை விட்டு இறங்கி மேடைக்கு வெளியே நிற்கச் சொன்னான். இறங்கி நின்றேன். அப்போதும் எழுநூற்று இருபது. அவன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னான்: "ஆளு எறங்கியாச்சு, சரிண்ணே, மொதல்ல லோடை எறக்கிட்டு வாங்க."

காரு எங்கீங்க

நாலு நாளில் பந்தயம். வேறு கூண்டுக்கு நேரமில்லை, கூண்டில்லாமல் விடவும் மாட்டார்கள். ஸ்டெல்லாவிடம் சீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டிவிட்டால், அந்தச் சந்தோஷத்தில் ஒரு வழி தோன்றும் என்று நினைத்துக்கொண்டேன். தோற்கப்போகிறவன் எல்லாம் இப்படித்தான் நினைப்பான்.

உடுமலைப் பக்கம் ஒரு தரிசுக் காட்டில் பாதை போட்டிருந்தார்கள். மினி லாரியில் காரை ஏற்றிக்கொண்டு நானும் சவரிமுத்துவும் போனோம். அவர் வெள்ளை வேட்டி கட்டி, மகள் கல்யாணத்துக்கு வந்தவர்போல் வந்தார். வண்டிகளைப் பரிசோதிக்கும் அதிகாரி கூண்டைக் கையால் ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. இரும்புப் பூவைத் தடவிப் பார்த்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கேலி துளியும் இல்லாத குரலில் கேட்டார்: "ஏனுங்க, கூண்டு வெகு கெட்டியா இருக்குதுங்க, இதுல காரு எங்கீங்க இருக்குது?"

கடைசி வளைவு

முதல் சுற்று ஓடினேன். கனத்தால் மெதுவாகத்தான் போனது, ஆனால் போனது. இரண்டாவது சுற்றில் கை பழகிவிட்டது. மூன்றாவது சுற்றின் கடைசி வளைவு தாண்டினால் கோடு. கோட்டின் இரண்டு பக்கமும் நட்டிருந்த கொடிகள் கண்ணுக்குத் தெரிந்தன. இருபது வருஷமாக நான் ஓட வைத்த எந்த வண்டியிலும் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பட்டதில்லை, அதை மறைக்க மாட்டேன். அந்தச் சந்தோஷத்தில் பிரேக்கைக் கொஞ்சம் தாமதமாக மிதித்தேன். முன்சக்கரம் திரும்பியது, பின்னால் இருந்த இரும்பு திரும்பவில்லை. கார் பக்கவாட்டில் வழுக்கி, வரப்பில் இடித்து, ஒரே ஒரு தடவை புரண்டு, கூரை தரையில் பட, சக்கரம் மேலே பார்க்க நின்றது. கோட்டுக்குப் பத்தடி முன்னால்.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கினேன். ஒரு கீறல் இல்லை. கூரைத் தகடு நசுங்கியிருந்தது, கூண்டு ஒரு நூல்கூட வளையவில்லை. கண்ணாடி வழியாக அந்தக் கோட்டில் போட்டிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அழுத தண்ணீர் நெற்றி வழியாகத் தலைமுடிக்குள் போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் ஓடிவந்தவர் சவரிமுத்து. மண்டியிட்டு உள்ளே பார்த்தார். ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டே வந்து, கடைசியாக என் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "பாத்தியா ஆரோக்கியம், ஒரு வெல்டுகூட விட்டுப்போகலை," என்றார்.

அய்யலூர்க்காரர்

ஒர்க்‌ஷாப் வாசலில் அது பத்து நாள் நின்றது. எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது, மனிதர் போகிற வண்டியாக மட்டும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டுப் போனார்கள். சிரிக்காதவர் ஒருவர்தான். அய்யலூர்ச் சந்தைக்கு ஆடு பிடித்துப் போகும் வியாபாரி. பின்கதவைத் திறந்து கம்பிகளுக்கு நடுவில் முழம் போட்டு அளந்தார். மேலே குனிந்து, கீழே குனிந்து, இரும்புப் பூவைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். அந்தக் காருக்காக நான் செய்த எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பாராட்டிய ஒரே மனிதர் அவர்: "ஆட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சிருக்கியேப்பா, ஆறு உருப்படி தாராளமா நிக்கும், கொம்புகூட எங்கயும் மாட்டாது."

மறுபடியும் பின் சீட்டு

விலை பேசி வாங்கி அவர் காரை ஓட்டிக்கொண்டு போன சாயங்காலம் ஸ்டெல்லா பள்ளிக்கூடம் விட்டு நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பு முகத்தில் இருந்தது. கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் சுவரோரம் போய், எங்கள் பின் சீட்டில் இருந்த ஸ்பேனரை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, காரில் எப்போதும் உட்காரும் அதே இடது பக்கமாக உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். ஜெபமாலையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டாள். ஊருக்குக் கிளம்பும்போது செய்வதெல்லாம் அதே வரிசையில் செய்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "நான் ஒக்காந்துட்டேன், நீங்க எப்ப வண்டிய எடுக்குறீங்க?"

நான் செய்த ஒரே பந்தயக் கார் இப்போது வாரா வாரம் ஆறு ஆட்டோடு அய்யலூர்ச் சந்தைக்குப் போகிறது, ஒரு வாரம்கூடப் போய்ச் சேராமல் வழியில் நின்றதில்லை என்று கேள்வி.