பக்கத்துப் படகின் அலை

எண்பதுகளின் நடுவில் இரண்டு ஆண்டுகள் நான் ஒரு பெண்ணின் பின்கழுத்தைப் பார்த்தபடியே வாழ்ந்தேன். இரட்டையர் கயாக் படகில் அவள் முன்னால், நான் பின்னால். தலைத்துணியைப் பின்பக்கம் இழுத்து இறுக்கி முடிந்திருப்பாள். அந்த முடிச்சு இடப்பக்கம் சாய்ந்தால் என் துடுப்பும் இடப்பக்கம் இறங்கும். வலப்பக்கம் சாய்ந்தால் வலப்பக்கம். பந்தயத்துக்கென்று செய்த கயாக் அகலம் இல்லாதது. பின்னால் இருப்பவள் யோசிக்கத் தொடங்கினால் கவிழ்ந்துவிடும்.

அப்போது நான் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் அம்மாவோடு இருந்தேன். தோட்டத்துப் பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. படகில் என் முன்னால் இருந்தவள் தன் அப்பாவை அத்தா என்பாள்; அவர் கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிரே சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். இடைநிலைப்பள்ளியில் நாங்கள் இருவரும் ஒரே ஹாக்கிக் குழு. ஊருக்குப் புதிதாக வந்த மலாய்க்காரப் பயிற்சியாளர் ஒருவர், தேசியக் குழுவுக்குப் பெண் துடுப்பாளர்கள் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார். பழைய ஹாக்கிக்காரிகள் என்று யாரோ எங்களைக் கைகாட்டிவிட்டார்கள். கயாக் என்றால் என்னவென்று தெரியாமலே தலையாட்டினோம்.

அம்மாவுக்கு முதலைப் பயம். "ஆத்துல முதல கெடக்குதுங்கிறாங்க, நீ பாட்டுக்குப் போறேங்கிற," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, சாப்புட்டுப் போ," என்றாள். அவ்வளவுதான். அத்தாவைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. கடைசியில் பயிற்சியாளர் படகை லோரியில் ஏற்றிக் கடை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். அத்தா தோளில் துண்டோடு வெளியே வந்து, அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நான் கப்பல்ல வந்தவன்மா, தண்ணிக்குப் பயந்தவன் இல்ல. ஆனா இது படகா, மூங்கிலா? இதுல எங்க உக்காருவீங்க?"

"உக்காந்துட்டா சொகமா இருக்கும் மாமா," என்றேன். அதுவரை ஒருமுறைகூட நான் அதில் உட்கார்ந்ததில்லை.

என்னை அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும், "மஃரிப் தொழுகைக்கு முன்னால வீட்டுல இருக்கணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவள் என் கையைக் கிள்ளினாள்.

முதல் சில வாரங்கள் நாங்கள் படகில் இருந்ததைவிடத் தண்ணீருக்குள் இருந்ததே அதிகம். சேறு, உப்பு, மூக்கெல்லாம் எரிச்சல். பிறகு ஒரு சாயங்காலம், ஏன் என்று தெரியாமலே, படகு ஆடுவதை நிறுத்தியது. கடல் ஏறும் நேரம். அந்த நேரத்தில் சிலாங்கூர் ஆறு திசை மறந்து பின்னோக்கி நகரும். கரையோர நிப்பாப் பனையின் மட்டைகள் அசையவில்லை. மழைக்கு முந்திய வெளிச்சத்தில் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகக் கிடந்தன. இரண்டு துடுப்புகள் இறங்கும் சத்தம் ஒரே சத்தமாகக் கேட்டது. என் கைகள் எங்கே முடிகின்றன, அவள் கைகள் எங்கே தொடங்குகின்றன என்று எனக்குத் தெரியவில்லை. கரையில் மோட்டார் சைக்கிளில் கூடவே வந்த பயிற்சியாளர் ஏதோ கத்தினார். காதில் விழுந்தது; என்னவென்று மட்டும் புரியவில்லை.

கரையேறியதும் அவள் கேட்டாள்: "ஏய், நீ தூங்கிட்டியாடி?"

"நீதான் தூங்கினே. நான் உன் பின்னாலயே வந்தேன்."

அப்படித் தூங்கித் தூங்கியே தேசியக் குழுவில் இடம் பிடித்தோம். போட்டிக்குப் பெண்கள் அதிகம் இல்லை என்பதும் ஒரு காரணம். அண்டை நாட்டு ஏரி ஒன்றில் அனைத்துலகப் போட்டி என்று சேதி வந்தது. சாப்பிட வந்த ஒவ்வொருவரிடமும் அத்தா, "எம்மவ வெளிநாட்டுக்குப் படகு ஓட்டப் போறா," என்று சொல்லத் தொடங்கினார். எங்கள் பக்கத்து லோரிக்காரர்களுக்கெல்லாம் அது தெரிந்துபோயிற்று.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்நூறு மீட்டர். புறப்பட்டபோது இரு பக்கமும் படகுகள் இருந்தன. பிறகு அவற்றின் வால்கள் தெரிந்தன. பிறகு அதுவும் இல்லை. நாங்கள் முடிவுக் கோட்டைத் தொட்டபோது மற்றவர்கள் திரும்பி எங்களைக் கடந்துகொண்டிருந்தார்கள். மோசமாக ஓட்டவில்லை. எங்கள் வாழ்க்கையிலேயே வேகமாக ஓட்டியது அன்றுதான். அதுதான் வலித்தது. அவள் தோள்கள் குலுங்கின.

"அத்தாகிட்ட என்னா லா சொல்றது?" என்றாள், திரும்பாமலே.

மறுநாள் காலை எங்களுக்கு வேலை இல்லை. சும்மா ஒரு சுற்றுப் போய்வரப் பயிற்சியாளர் விட்டார். ஏரியின் மேல் வெள்ளையாக மூட்டம் படிந்திருந்தது. கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பேசாமல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஒரு சத்தம், வாழையிலையைக் கத்தியால் நீளவாக்கில் கீறுவதுபோல், நெருங்கி வந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த ஜோடி. உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்கியவர்கள். முதல் நாள் அவர்கள் வந்தபோது நாங்கள் வழிவிட்டு ஒதுங்கி நின்றிருந்தோம்.

எங்கள் பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்கள். பின்னால் இருந்தவள், வெயிலில் மூக்குத் தோல் உரிந்தவள், தன் படகின் ஓரத்தில் எழும் அலையைக் கண்ணால் காட்டினாள். பிறகு எங்கள் படகின் முனையைக் காட்டினாள். தலையசைத்தாள்.

"என்னா சொல்லுறா?" என்றேன்.

"அலையில ஏறிக்கச் சொல்லுறாடி!"

வேகமாகப் போகும் படகு பக்கவாட்டில் ஓர் அலையைத் தள்ளிக்கொண்டே போகும். அதன் சரிவில் நம் படகின் முனையை வைத்துவிட்டால், அது நம்மையும் இழுத்துப் போகும். தனித்தனித் தடத்தில் ஓடும் போட்டியில் அதற்கு இடமில்லை, பயிற்சியில் செய்வார்கள். கேள்விப்பட்டிருந்தோமே தவிர, எங்கள் ஆற்றில் இன்னொரு கயாக்குக்கு எங்கே போவது?

எங்கள் படகின் சுக்கானை அவள் காலால் திருப்பி, அவர்களை நெருங்கினாள். முதலில் வழுக்கி விலகிவிட்டோம். அவர்கள் காத்திருந்தார்கள். மறுபடியும் வழுக்கினோம், மறுபடியும் காத்திருந்தார்கள். அதற்கடுத்த முறை படகின் முனை லேசாகத் தாழ்ந்தது. யாரோ அடியில் கைகொடுத்துத் தூக்கிப் போவதுபோல் படகு கிளம்பியது. நான் துடுப்புப் போட்டேனா, போடவில்லையா? கைகள் அசைந்தன, கனம் மட்டும் இல்லை. மூட்டம் முகத்தில் ஈரமாக மோதி இரண்டாகப் பிரிந்து போயிற்று. இந்த வேகத்தில்தான் இவர்கள் தினமும் இருக்கிறார்கள், உலகம் இவர்களுக்கு இப்படித்தான் நகர்கிறது என்று நினைத்தேன். பொறாமை வரவில்லை. எனக்கு முன்னால் அவள் தோள்கள் தளர்ந்து, குழந்தையின் தோள்போல் ஆகியிருந்தன.

எவ்வளவு தூரம் போனோம் என்று தெரியாது. அவர்கள் துடுப்பை உயர்த்திக் காட்டிவிட்டு முன்னேறி மூட்டத்துக்குள் மறைந்தார்கள். எங்கள் படகின் கீழிருந்து அலை நழுவிப் போவது தெரிந்தது. அவள் இரண்டு கைகளையும் தூக்கிக் கூச்சலிட்டாள். படகு கவிழ்ந்தது. தண்ணீருக்குள்ளும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

ஊர் திரும்பி நேராகக் கடைக்குத்தான் போனோம். "கடைசியாத்தான் வந்தோம் அத்தா," என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அத்தா துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தார். அவள் இரண்டு கரண்டிகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்தி, அந்த அலையைச் சொல்லிக் காட்டினாள். அவர் துணியை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கேக்காமயா கூப்புட்டாங்க?"

"கேக்கவே இல்ல மாமா," என்றேன்.

"நல்ல புள்ளைங்க. இங்க வந்திருந்தா ரொட்டி போட்டுக் குடுத்திருப்பேன்," என்றார்.

அடுத்த ஆண்டு அவளுக்குக் கல்யாணமாகி ஈப்போ போனாள். பயிற்சியாளரை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். எனக்கு ஈஜோக் பக்கம் நிரந்தர வேலை கிடைத்தது. சில மத்தியானங்களில், பிள்ளைகள் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது, வகுப்பறை மெல்ல முன்னோக்கி நகர்வதுபோல் இருக்கும். யாராவது "டீச்சர்" என்று கூப்பிடும்வரை அப்படியே போய்க்கொண்டிருப்பேன்.