ஏட்டையாவின் புதன்கிழமை ஓய்வு

ராயபுரம் பக்கத்து போலீஸ் ஸ்டேஷன் ஒன்றில் ரைட்டராக இருந்தேன். யாருக்கு எந்த நாளில் என்ன டூட்டி என்று எழுதுவது என் வேலை. டூட்டியைப் பேனாவாலும், வார ஓய்வைப் பென்சிலாலும் எழுதுவேன். அழிப்பது சுலபம். யாருடைய ஓய்வு எந்தக் கிழமை, எதற்காக ரத்தானது என்று சொந்தமாக ஒரு நோட்டிலும் குறித்துவந்தேன். அதில் அதிகம் வருபவர் எம்.கே.பி. நகரிலிருந்து வரும் ஏட்டையா.

அவர் மகளைப் பெண் பார்க்கத் திருவொற்றியூரிலிருந்து இரண்டு முறை வந்தார்கள். முதல் முறை அவர் துறைமுக வாசலில் மறியல் பந்தோபஸ்தில் இருந்தார். அடுத்த முறை எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி கவிழ்ந்து, வண்டிகளை ஒதுக்கிக்கொண்டு நின்றார். மூன்றாவதாகப் புதன்கிழமை வருவதாகச் சொன்னவர்கள், இம்முறையும் தகப்பன் இல்லையென்றால் வேறு இடம் பார்ப்போம் என்றுவிட்டார்கள். அந்தப் புதனை மட்டும் பேனாவால் எழுதினேன்.

செவ்வாய் மதியம் மேலிருந்து போன். வள்ளூர் பக்கம் அமைச்சர் விழா, எட்டுப் பேர் வேண்டும். ஏட்டையாவைச் சேர்த்தால் ஏழு, என்னையும் சேர்த்தால்தான் எட்டு.

"இன்னா ரைட்டரே, என் மூஞ்சியையே பாத்துகினு கீற?"

சொன்னேன். ஏட்டையா தொப்பியைச் சற்று நேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அமைச்சர் வந்து என் பொண்ணுக்கு மாப்ள பாத்துக் குடுப்பாரா? என்னிய வுட்டுடு நைனா."

எங்களிடம் ஒரு வழி உண்டு. உடம்பு சரியில்லாதவரை அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஸ்டேஷனில் ஒரு சீட்டு கொடுப்போம், பாஸ்போர்ட் என்போம். அதோடு போனவருக்கு அன்று டூட்டி கிடையாது. 'தலைசுற்றல்' என்று எழுதி நீட்டினேன். இன்ஸ்பெக்டர் படித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். எட்டு ஏழானது. அதற்கும் திட்டு வாங்கினோம்.

புதன் காலை பத்தரைக்கு, வள்ளூரில் சாலையோரம் நின்றிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து ஏட்டையா போனில் கூப்பிட்டார்.

"பேஜாராப் பூட்ச்சு ரைட்டரே. டாக்டரம்மா பி.பி. பாத்துச்சு. ரெண்டு தபா பாத்துச்சு. படுக்க வெச்சிட்டாங்க."

"எவ்ளோ கீதாம்?"

"சொல்ல மாட்டேங்குது. இத்தினி நாளா எப்டி நின்னுகினு இருந்தேன்னு என்னியே கேக்குது. மூணு நாள் இங்க, அப்பால ஒரு வாரம் வூட்லயாம். எழுதியே குடுத்துடுச்சு."

பிறகு குரல் தாழ்ந்தது. "மாப்ள வூட்ல ஆஸ்பத்திரின்னு சொல்லிடாத. சீக்காளி அப்பன்னு பேராயிடும். பந்தோபஸ்துன்னே சொல்லு. நான் பேசுனா குரலே காட்டிக் குடுத்துடும்."

மாப்பிள்ளையின் தாய்மாமனைக் கூப்பிட்டு, அவசர பந்தோபஸ்து என்றேன்.

"மறுபடியுமா? இன்னா வேல சார் இது," என்றார். "பொண்ணு நல்ல பொண்ணாச்சேன்னு பாக்கறோம். கடைசியாக் கேக்கறேன், ஞாயித்துக்கெழம இருப்பாரா?"

இத்தனை வருடங்களில் எந்தப் போலீஸ்காரரின் ஞாயிற்றுக்கிழமைக்கும் நான் உறுதி சொன்னதில்லை.

"இருப்பாருங்க," என்றேன். "கண்டிப்பா வீட்லதான் இருப்பாரு."