ஹஜ்ஜுக்குப் போன பௌசியா ராத்தாவும் வீட்டில் இருந்த மாசியும்

பௌசியா ராத்தா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் வந்தது. நான் உப்பள அலுவலகத்தில் இருந்தேன். வெளியே வந்து சொன்னதும், மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெண்கள் ஊசிகளைக் கீழே வைத்தார்கள். ஜனாஸாவை அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கத்துக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். அன்று மத்தியானத்தோடு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவர் வீட்டுக்கு நடந்தோம்.

பாலாவி உப்பளத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. நிறுவைத் தராசுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றே முதுமையடைந்தவர். எல்லோரும் அவரை அக்கா முறையில் ராத்தா என்றே கூப்பிட்டோம். லொறிக்காரர்கள் அவரிடம் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் சொல்ல நினைப்பது அவர் தன் பூனையைத் தனியே இருக்கப் பழக்கிய கதையைத்தான். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். அவரும் சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. ஓய்வு பெற்ற மாதத்தில் கிணற்றடியில் கிடந்த குட்டியைத் தூக்கி வந்து மாசி என்று பெயர் வைத்தார். மாசிக் கருவாட்டின் நிறம் அதற்கு. இரண்டு வருடம் ராத்தா வீட்டை விட்டு அதிகம் வெளிக்கிடவில்லை. அதனால் பூட்டிய கதவு என்றால் என்னவென்று அந்தப் பூனைக்குத் தெரியாமலே போய்விட்டது. பிறகு அவர் பாண் வாங்கக் கடைக்குப் போனாலும் அது கதவைப் பிறாண்டிக் கத்தும். வயிற்று மயிர் உதிரும்வரை தன்னையே நக்கும். புத்தளத்தில் மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, “தோலில நோய் ஒண்டுமில்ல. உங்களப் பிரியப் பயப்படுது,” என்றார்.

அந்த நேரத்தில்தான் கல்பிட்டியிலிருந்து அவருடைய தம்பி நவ்ஸர் வந்தார். இருவருக்கும் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்திருந்தது. புறப்பட இன்னும் ஆறு மாதம் இருந்தது. ராத்தா இளமையிலிருந்து கேட்டுவந்த துஆ அது.

“பூனையச் சாக்கில போட்டு மீன் சந்தையில விட்டா முடிஞ்சிது,” என்றார் நவ்ஸர்.

“அல்லாஹ்ட வீட்டுக்குப் போறதுக்கு ஒரு வாயில்லாச் சீவன அழ வெச்சிட்டா போற? அவ தனிய இரிக்கப் பழகினா வாறன். இல்லாட்டி நீ மட்டும் போ.”

தம்பி தேநீரைக் குடிக்காமலே எழுந்து போனார்.

அடுத்த நாளே ராத்தா தொடங்கிவிட்டார். வெளியே போகும்போது போடும் அபாயாவை அவர் கொளுவியிலிருந்து எடுத்தாலே மாசிக்கு நடுக்கம் வந்துவிடும். ஆகவே அபாயாவைப் போட்டுக்கொண்டு தேங்காய் துருவினார், மீன் வெட்டினார், எங்கும் போகாமல் கதிரையில் இருந்தார். பக்கத்து வீட்டார் இவருக்கு ஏதோ ஆகிவிட்டதோ என்று, அதே தெருவில் இருந்த என்னிடம் விசாரித்தார்கள். பூனை அபாயாவைப் பார்த்தும் பேசாமல் இருந்த நாளில், மீனை வைத்துவிட்டு, தடவாமல், ஒரு வார்த்தை சொல்லாமல் வாசல் படலைக்கு வெளியே போய் நின்றார். தஸ்பீஹ் மணியில் முப்பத்து மூன்று ஓதிவிட்டு உள்ளே போனார். பிறகு மூன்று சுற்று. பிறகு சந்திவரை போய் வந்தார். பூனை கத்தும்போது கதவைத் திறக்க மாட்டார்.

“கத்தக்குள்ள திறந்தா, கத்தினாத்தான் கதவு திறக்கும் எண்டு படிச்சிருவா. கொஞ்சம் ஓயட்டும்,” என்பார். சொல்லிக்கொண்டே மணிகளை மறுபடியும் உருட்டுவார்.

மூன்றாம் மாதம் அவசரப்பட்டுவிட்டோம். கடவுச்சீட்டு வேலைக்கு அவர் ஒரு முழு நாள் கொழும்புக்குப் போனார். அடுப்படிக் கூரை இடைவெளியால் மாசி வெளியேறி, சீமெந்து லொறிகள் ஓடும் தெருவுக்கு வந்துவிட்டது. ஒரு சாரதி பிரேக் அடித்து இறங்கி, லொறியில் கிடந்த சாரத்தில் சுற்றிக் கொண்டுவந்து என்னிடம் தந்தார். ராத்தா அதைக் கேட்டுவிட்டு மாசியை மடியில் வைத்து, எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். பயணத்தை விட்டுவிடுவார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் விடியக் கூரை இடைவெளிக்கு வலை அடித்துவிட்டு, மறுபடியும் படலையில் நின்று முப்பத்து மூன்றிலிருந்து தொடங்கினார்.

புறப்பட்ட அன்று மீனை வைத்தார், கதவைச் சாத்தினார், திரும்பிப் பார்க்காமல் வான் வண்டியில் ஏறினார். காலையும் மாலையும் நான் போய்ச் சாப்பாடு வைத்தேன். முதல் நாள் மாசி கதவடியிலேயே இருந்தது. மூன்றாம் நாள் மக்காவிலிருந்து தொலைபேசி வந்தது.

“அழுறாளா?”

“இல்ல ராத்தா. மீனைத் திண்டிட்டு ஜன்னல்ல நித்திரை கொள்ளுது.”

“அல்ஹம்துலில்லாஹ். இனி மனசோட கஃபாவச் சுத்தித் தவாஃப் செய்வன்.”

நாற்பது நாள் கழித்து ஸம்ஸம் தண்ணீரோடும் பேரீச்சம்பழத்தோடும் அவர் வாசலில் வந்து நின்றபோது, மாசி ஜன்னலிலிருந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு கொட்டாவி விட்டது. “பாத்தியா, ஆர் வந்ததெண்டும் கேக்கல்ல,” என்று ராத்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பூனைப் பைத்தியம் என்று கோபித்து, வழியனுப்ப வர மறுத்திருந்த நவ்ஸரின் மனைவிகூட அன்று சிரித்தார். மாசியின் வயிற்றில் மயிர் முழுவதும் வளர்ந்திருந்தது. போன வருடம் அது வயதாகி, தூக்கத்திலேயே அடங்கிப்போனது.

வன்னியில் போரின் கடைசி மாதங்களில், சனத்துக்குள் என் மகளின் கையை அரை நாள் தவறவிட்டவள் நான். அதன் பிறகு அவளைப் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குக்கூட அனுப்பியதில்லை. அவளுக்கு யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக இடம் கிடைத்தபோது, அவளை அனுப்பப் போவதில்லை என்று சொல்லத்தான் ராத்தாவிடம் போனேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீ பயப்படுறது அவக்கு விளங்கும், தங்கச்சி. பயப்படு. ஆனா அவட முன்னால வேணாம்,” என்றார். பஸ் புறப்படும்வரை சந்தியில் என் பக்கத்தில் நின்றார்.

மகள் இப்போது மன்னாரில் ஆசிரியை. என்னிடம் ராத்தாவின் படம் ஒன்றுகூட இல்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்து, இன்றும் என்னிடம் இருப்பது இதுதான்: போகிறவர்களை வாசலில் நின்று கையசைத்து அனுப்பிவிட்டு, உள்ளே வந்து உலை வைத்து, அன்றைய சோற்றை என்னால் சாப்பிட முடிகிறது. ஜனாஸா போன அன்றும் சாப்பிட்டேன்.