கெசையா ஒட்டிய அமெரிக்கா

இங்கிலாந்தின் பர்ஸ்லெம் ஊருக்கு இன்னும் ரயில் வராத காலம். பீங்கான் பட்டறையில் படம் ஒட்டுவதுதான் கெசையாவின் வேலை. செப்புத் தகட்டிலிருந்து மை பதிந்து வரும் மெல்லிய தாளைச் சுட்ட தட்டின் மேல் சுருக்கம் விழாமல் விரித்து, முரட்டுத் தூரிகையால் அழுத்தித் தேய்ப்பாள். தாளைத் தண்ணீரில் கழுவி எடுத்தால் கப்பல்கள் நிற்கும் நியூயார்க் துறைமுகப் படம் தட்டிலேயே தங்கிவிடும். மெருகு பூசி மறுபடி சூளையில் வெந்து வந்தால் கண்ணைப் பறிக்கும் நீலம். அத்தனையும் கப்பலேறி அமெரிக்காவுக்கே போகும்.

அவள் புருஷன் ஜேபஸ் அதே பட்டறையில் கோப்பை வனைபவன். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து அவனுக்குப் பித்து ஏறிவிட்டது.

"எவ்வளவு எடம் பாரு புள்ள! ஆத்தங்கரையில மாடுங்க மேயுற அழகப் பாரு! ஒரு பொட்டுப் பொகை உண்டா? அங்க போயிடலாம்."

"கால்வாய்ப் படகு ஆடினாலே எனக்குக் கொடல் வெளிய வருது. நான் வரல."

"நான் முன்னால போறேன். வீடு பிடிச்சிட்டு உன்னக் கூப்பிடுறேன்."

போயே விட்டான். கோடை கழிந்து குளிர் வந்தது; ஒரு சேதியும் இல்லை. அவன் கூப்பிட்டுவிடுவானோ என்று ஒரு பயம், ஆளே இல்லாமல் போய்விட்டானோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவள் இளைத்துப் போனாள்.

பக்கத்து மேசைக்காரி தெர்சா சீண்டுவாள்: "தினமும் அமெரிக்காவக் குளிப்பாட்டி விடுற, அதுகிட்ட என்னடி பயம்?"

"குளிப்பாட்டலாம். குடித்தனம் பண்ண முடியுமா?"

வசந்தத்தில் ஒரு நாள் காலை, தாடியும் குழி விழுந்த கன்னமுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்றான் ஜேபஸ்.

"யோவ்! உசுரோடதான் இருக்கியா?" என்றவள் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்: "என்னக் கூட்டிட்டுப் போக வந்தியா?"

"அங்க கோப்பை வனையறவன் யாருக்கு வேணும்? எல்லாரும் நம்ம தட்டுலதான் சாப்பிடுறாங்க. துறைமுகத்துல மூட்டைதான் சுமந்தேன். படத்துல இருக்கிற ஆத்தையும் தேடிப் போனேன். ஆறு இருக்கு. அந்த மாடுங்களத்தான் காணோம்."

தெர்சா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது நம்ம ஊர் மாடுய்யா! செப்புத் தகட்டுல செதுக்குனது எங்கண்ணன். அவன் அமெரிக்காவ எங்க கண்டான்?"

பட்டறையே சிரித்தது. ஜேபஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கெசையா மட்டும் இடுப்பில் கட்டியிருந்த வேலைத் துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள். எத்தனையோ மாதமாக நெஞ்சில் கிடந்த பாறாங்கல் உருண்டு போன அழுகை அது.

மறுவாரமே ஜேபஸுக்குப் பழைய சக்கரம் கிடைத்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் கெசையா அமெரிக்காவை ஒட்டினாள். ஆனால் அவன் திரும்பி வந்த அன்றைக்கு அவள் ஒட்டிய கப்பல்களில் பாதி கோணலாகப் போயின. மேற்பார்வையாளர் கத்திய கத்தல் எதுவும் அவள் காதில் ஏறவில்லை.