அக்கா பேரில் ஒரு பாத்தி

என் அக்கா வீட்டுக்காரருக்கு இந்தக் குடியிருப்பில் செக்கர் என்று பெயர். பிள்ளைகள் முதல் காவலாளி வரை அப்படித்தான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, முகத்துக்கு நேராகவும். எனக்கு அவர் அத்தான். இரண்டாம் மாடியில் நான், தரைத்தளத்தில் அவர்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்ததால்தான் அந்த மனுஷன்மேல் எனக்கு இத்தனை எரிச்சல் சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கிற வேலை. கையில் ஒரு காசு வாங்கியதில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். சொந்தத் தம்பியையே டிக்கெட் இல்லை என்று நடுவழியில் இறக்கிவிட்டவர். அந்தத் தம்பி இன்றுவரை இவர் வாசலை மிதிக்கவில்லை. ஆரம்பத்தில் அப்படி இல்லையாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், டிக்கெட்டை எங்கேயோ வைத்துவிட்டேனே என்று திணற, இவர் பரவாயில்லை ஐயா என்று விட்டுவிட்டார். அடுத்த நிறுத்தத்தில் ஏறிய மேலதிகாரி அதே பெரியவரைப் பிடித்தார். பெரியவர் சிரித்துக்கொண்டே அபராதம் கட்டிவிட்டு இறங்கிப் போனார். நம்பியதற்காக அத்தானைக் கொஞ்ச காலம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவர் யாரையும் நம்பியதாக எனக்குத் தெரியவில்லை.

அது வேலையோடு நின்றிருந்தால் யாருக்கு என்ன? கடைக்காரர் நிறுத்துக் கொடுத்த தக்காளியை வீட்டில் மறுபடி நிறுப்பார். டாக்டர் எழுதிய மாத்திரையை இன்னொரு டாக்டரிடம் காட்டுவார். அவரும் சரி என்று சொல்லிவிட்டால், ரெண்டு பேரும் கூட்டு என்பார். அக்கா காய் வாங்கப் போய்வந்தால், யாரைப் பாத்தே, என்ன பேசினே, ஏன் இவ்வளவு நேரம் என்று தூண்டித் துருவுவார். அக்காவும் நின்று பதில் சொல்வாள், தினமும், டிக்கெட்டை எடுத்து நீட்டுகிற மாதிரி. மகள் கல்யாணமாகி வெளியூர் போனாள். பிறகு அத்தான் ஓய்வு பெற்றார். ஓடுகிற பஸ்ஸெல்லாம் போய், ஒரே ஒரு பயணிதான் மிச்சம், என் அக்கா. எனக்கு வயிறு எரியும். அவளோ, "அவர் சுபாவம் அப்படி, விடு" என்பாள்.

குடியிருப்புக்குப் பின்னால் மதில் ஓரமாக ஒரு நிலம், நகராட்சிக்குச் சொந்தம். ஆள் உயரத்துக்கு முட்புதர், அடியில் அருகம்புல். வேண்டாததையெல்லாம் ஜன்னல் வழியாக எறிந்து எறிந்து அதை எங்கள் எல்லாருக்கும் பொதுவான பரணாக ஆக்கியிருந்தோம். அங்கே கார் நிறுத்தும் இடம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதும், சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரர் நகராட்சிக்கு நடையாய் நடந்து ஒரு சம்மதம் வாங்கி வந்தார். நாங்களே சுத்தம் செய்து, பாத்தி பிரித்து, வீட்டுக்கு ஒன்றாகக் காய்கறி போட்டுக்கொள்ளலாம். கோடை முடிந்ததும் அதிகாரி வந்து பார்ப்பார். எந்தப் பாத்தியில் புல் மிச்சம் இருக்கிறதோ, அது பாத்தி கிடைக்காமல் காத்திருக்கிற அடுத்த வீட்டுக்குப் போய்விடும். செலவுக்கென்று ஏதோ கொடுத்தார்கள். அந்தத் தொகையைச் சொன்னதும் நிலம் சுத்தம் செய்கிற ஒப்பந்தக்காரர் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

புல் வெட்டும் மெஷினை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கவும், ஆளுக்கு ஒரு ஜோடி கையுறை வாங்கவும்தான் அது கட்டுபடியானது. மற்றதெல்லாம் எங்கள் இடுப்பு ஒடிய நாங்களே செய்தோம். புதருக்குள்ளிருந்து டயர், கட்டில் கால், உடைந்த வாஷ்பேசின் என்று வந்துகொண்டே இருந்தது. அத்தான் வாஷ்பேசினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த நீலம் மூணாவது மாடி நீலம்" என்றார்.

மூன்றாம் மாடித் தையற்காரர் திருதிருவென விழித்தார். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

முள்ளை வெட்டிவிடலாம், அருகம்புல்லை என்ன செய்வது? வெட்ட வெட்ட வரும். எதிர்த்தெருவில் விளம்பரப் பலகை வைக்கிற போர்டுக்காரர், கழற்றிப் போட்ட பழைய பேனர்களைச் சும்மாவே தருகிறேன் என்றார். பேனரைத் தரையோடு தரையாக விரித்து, ஓரத்தை மண்ணுக்குள் செருகி, அந்த ஓரத்தின்மேல் மட்டும் மண் போட்டு மிதித்து, கோடை முழுக்க அப்படியே விட்டால் வெளிச்சம் இல்லாமல் புல் வேரோடு செத்துவிடுமாம். ஒரே ஒரு நிபந்தனை, நடுவில் தூக்கிப் பார்க்கக் கூடாது. தூக்கினவர்கள் யாரும் பழையபடி இறுக்கி மூட மாட்டார்கள், இடுக்கு வழியாக வெளிச்சம் போகும், புல் பிழைத்துக்கொள்ளும்.

"சும்மா எவன் குடுப்பான்?" என்றார் அத்தான். "குப்பை கொட்ட அவனுக்கு இடமில்ல. நம்ம தலையில கட்டறான்."

சீட்டுக் குலுக்கிப் பார்த்ததில், எல்லாரும் ஆசைப்பட்ட குழாயடிப் பாத்தி இவர்களுக்கு விழுந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? "நல்லது நமக்கு விழுந்திருக்குன்னா இதுல ஏதோ இருக்கு" என்று சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். யார் பேரில் எழுதுவது என்று மருந்துக்கடைக்காரர் அத்தானைக் கேட்டார். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"என் பேர்ல எழுதுங்க."

வீடு, பேங்க் கணக்கு, கரண்ட் பில் எல்லாமே அத்தான் பேரில். அவள் பேரில் எதுவுமே இருந்ததில்லை. என் அக்காதானா பேசியது என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

"உனக்கு எதுக்கு?" என்றார் அத்தான்.

"எனக்கு வேணும்."

"என்ன போடப் போற?"

"இன்னும் யோசிக்கல. யோசிச்சாலும் சொல்ல மாட்டேன்."

அன்று மாலை அவர்கள் சமையலறையில் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்கா அடுப்பை அணைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "ஏங்க, இதுவரைக்கும் உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்ல. அந்தப் பேனரை மட்டும் தூக்கிப் பாக்காதீங்க. அதுவும் போச்சுன்னா எனக்குன்னு வேற ஒண்ணும் இல்ல."

அத்தான் டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். அந்த 'சரி'யை நான் ஒரு துளி கூட நம்பவில்லை. தலைகீழாக நின்றாலும் அவரால் முடியாத ஒன்றை அக்கா கேட்டுவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

கோடை நகர்ந்தது. மாடியிலிருந்து பார்த்தால் நிலம் முழுக்கப் பேனர் முகங்கள், பற்பசைக்கும் புடவைக்கும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. துணி உலர்த்தும் சாக்கில் நான் தினமும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். நினைத்தது சரிதான். விடிந்ததும் அத்தான் வந்துவிடுவார். குழாயடியில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்பார். நான் பார்க்கும்போதெல்லாம் சும்மாதான் நின்றார். நான் பார்க்காதபோது? ஒரு நாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்தார். எனக்கு முதுகுதான் தெரிந்தது. நிமிர்ந்தபோது கையிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டார். ஈரத்துணியை அப்படியே போட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

"தூக்கிட்டீங்கல்ல அத்தான்?"

"இல்ல."

"கையில மண் எப்படி வந்துது?"

"நேத்து மழையில ஓரத்து மண் கரைஞ்சிருந்துது. அள்ளிப் போட்டேன்."

"இதை நான் நம்பணும்."

"நம்பினா நம்பு, நம்பாட்டி போ. நான் தூக்கல."

"டிக்கெட் எடுத்தேன், எங்கயோ விழுந்துடுச்சுன்னு உங்ககிட்ட எத்தனை பேர் கெஞ்சியிருப்பாங்க. ஒருத்தரையாவது நம்பியிருக்கீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் கேட்டேன், கேட்க வேண்டிய கேள்விதான். அத்தான் வீட்டுப் பக்கம் நடந்தார்.

அக்காவிடம் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கை நிற்கவே இல்லை.

"தெரியும்" என்றாள். "தூக்காம இருக்க அவரால முடியாது."

"நேராவே கேட்டுடேன்."

"கேட்டு? இல்லன்னுதான் சொல்வார்." எழுந்துபோய் அரிசி டப்பாவுக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள். அவருக்குத் தெரியாமல் வாங்கி வைத்திருந்த விதை. "பாத்தி கைவிட்டுப் போச்சுன்னா யாருக்காவது குடுத்துடு. இங்க இருந்தா பாத்துப் பாத்து எனக்கு அழுகை வரும்."

குடியிருப்பிலும் அதே பேச்சுதான். சங்கக் கூட்டத்தில் மருந்துக்கடைக்காரர், "செக்கர் சார், உங்க வீட்டு பேனரை என்ன வேணா பண்ணுங்க, எங்களுதை விட்டுடுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி வந்த அன்று குடியிருப்பே பின்பக்கம் கூடிவிட்டது. முதலில் தையற்காரருடைய பேனரைச் சுருட்டினார்கள். நடுவெல்லாம் காய்ந்த சருகு, மதில் மூலையில் மட்டும் ஒரு தாம்பாளம் அளவுக்குப் பச்சைப்பசேலென்று புல். அடுத்தது மருந்துக்கடைக்காரருடையது. ஒரு பக்கம் நெடுக, கை நுழைகிற அகலத்துக்குப் பச்சை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. அதற்கடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும்.

"காத்து தூக்கியிருக்கும் சார்" என்றார் தையற்காரர் அசடு வழிய.

"வீடு வீடாப் போய்த் தனித்தனியாத் தூக்கியிருக்கே இந்தக் காத்து" என்றார் அதிகாரி.

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவைதான் சார் தூக்கினேன். இந்த செக்கர் ஏதாவது பண்ணியிருப்பாரோன்னு சந்தேகம்" என்றார். ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். அத்தான் தூக்கியிருப்பாரோ என்று பார்ப்பதற்காக ஊரே தூக்கியிருக்கிறது.

கடைசியில் குழாயடிக்கு வந்தார்கள். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், நகம் பதிந்தது. பேனரை இழுத்தால் வரவில்லை. ஓரத்து மண் இறுகிக் கிடந்தது. தையற்காரர் கடப்பாரை கொண்டுவந்து நெம்பிய பிறகுதான் கிளம்பியது. அடியில் ஒரு பச்சைத் துணுக்கு இல்லை. மூலைக்கு மூலை காய்ந்து, தொட்டால் உதிர்ந்தது.

"இது யாரோடது?" என்றார் அதிகாரி.

"என்னுது" என்றாள் அக்கா.

மற்றவர்கள் கெஞ்சிக் கூத்தாடி, வேரைக் கையால் தோண்டி எடுக்கத் தவணை வாங்கிக்கொண்டு கலைந்து போனார்கள். செக்கரின் முகத்தை யாரும் நேராகப் பார்க்கவில்லை. எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னிப்பெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. ஒரு கோடை ஒழுங்காக இருந்துவிட்டால் இத்தனை வருஷத்துக்கும் ஈடாகிவிடுமா என்ன?

அக்கா மட்டும் பாத்திக்குள் இறங்கினாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து ஓரங்களைக் கிளறினாள், மூலைகளைக் கிளறினாள், மண்கட்டியை உடைத்து உடைத்துப் பார்த்தாள். அத்தான் குழாயடியில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒரு தடவை கூடவா தூக்கல?"

"ஒரு தடவை கூட."

"அப்ப தினமும் வந்து என்ன பண்ணீங்க?"

"நின்னேன். வீட்ல இருந்தா, என்ன ஆச்சோ ஏதாச்சோன்னு மனசு பிடுங்கும். இங்க வந்து நின்னா கொஞ்சம் அடங்கும். நீ கேட்டியேன்னு தூக்கல."

"தூக்கிப் பாத்து, புல்லைப் பிடுங்கிப் போட்டுட்டு, மறுபடி மூடி வைக்கலயே?"

"கடப்பாரை போட்டுத்தானே எடுத்தாங்க. நீயும்தானே பாத்தே."

பார்த்தாள்தான். நானும் பார்த்தேன். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அக்கா அவர் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தானின் கண் கலங்கிவிட்டது. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"நம்பணும்னுதாங்க இருக்கு" என்றாள் அக்கா. "எப்படின்னுதான் தெரியல. நம்ம வீட்ல அது பழக்கமில்லயே."

இத்தனை நாளும் அந்த வியாதி அவர் ஒருத்தருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் மண்வெட்டியைத் தூக்கி வந்து அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தார்.

"என்ன போடணுமோ போடு. நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தார்.

அக்கா மண்வெட்டியைத் தொடவில்லை. அவர் திரும்பிப் பார்க்கிறாரா என்று, மதில் தாண்டி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் திரும்பவில்லை.