நிலாவுக்குப் போன ஆடு

கண்ணுங்களா, கல்வராயன் மலை ஏறும் பஸ்ஸில் ஒரு சின்ன அறிவியல் நாவலைப் படித்துச் சிரித்துக்கொண்டு வருகிறேன். பக்கத்து சீட்டு அக்கா காரணம் கேட்கிறார். நிலாவாசிகள் ஓர் ஆட்டின் தாடியைப் பார்த்து அதைப் பூமியின் ராஜா என்று நினைத்துத் தூக்கிப் போகிறார்கள் என்று சொல்கிறேன்.

அதற்குள் அவர் ஊர் வந்துவிடுகிறது. கதையோ பாக்கி இருக்கிறது.

“எறங்குக்கா” என்கிறார் கண்டக்டர்.

“இருங்க, ஆடு இன்னும் வூடு வந்து சேரல.”

கண்டக்டர் குனிந்து சீட்டுக்கு அடியில் தேடுகிறார். “இன்னாக்கா, ஆட்டுக்கு லக்கேஜ் டிக்கெட் எடுத்தியா?”

விஷயம் தெரிந்ததும் அவரும் உட்கார்ந்துவிடுகிறார். “சீக்கிரம் படிங்க சார்.”

சத்தமாகப் படிக்கிறேன். ஆடு சிம்மாசனம், கொடி எல்லாவற்றையும் தின்றுவிட, நிலாவாசிகள் கும்பிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள்.

அக்கா நிம்மதியாக இறங்குகிறார்.

கண்டக்டர் விசில் ஊதுகிறார். “ஆடு வந்தது சரி சார். என் வண்டில மட்டும் அத்த ஏத்த மாட்டேன்.”